பள்ளி உளவியலாளர் ஆக எந்தப் படிப்பு வேண்டும்? ஓர் ஆசிரியையின் கடிதத்துக்குப் பதில்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். அவருக்கு வயது 36. பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்து, தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்றில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறார். பாடம் பிடிபடாமல் தவிக்கும் பிள்ளைகள் இடைவேளையில் அவரைத் தேடி வருவது வழக்கம். அதிலிருந்துதான் உளவியல் ஆர்வம் பிறந்தது என்கிறார். குழந்தை உளவியலில் மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ் பெற்ற பிறகு, 2024-இல் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. உளவியல் சேர்ந்து, இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறார்.

வருகிற ஜூன் முதல் அவரைப் பள்ளியின் ‘ஸ்கூல் சைக்காலஜிஸ்ட்’ ஆக்குவதாகப் பிரின்சிபால் சொல்லியிருக்கிறார். அறையும் ஒதுக்கி, கதவில் பெயர்ப் பலகையும் மாட்டியாகிவிட்டது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் எம்.ஃபில். படிக்காதவர் அந்த அறையில் உட்காரவே கூடாது என்று சக ஆசிரியை ஒருவர் சொல்கிறார். வார இறுதி வகுப்புகளில் ஆறே மாதத்தில் ‘சர்வதேசப் பள்ளி உளவியலாளர்’ டிப்ளமோ தருவதாக ஒரு பயிற்சி மையம் 85,000 ரூபாய் கேட்கிறது. எம்.ஏ. முடித்தால் அமெரிக்கப் பள்ளிகளிலேயே வேலை கிடைக்கும் என்கிறார் நியூஜெர்சியில் இருக்கும் அக்கா. நிலையான ஆசிரியை வேலையை ஏன் விடவேண்டும் என்று மாமியார் கேட்கிறார். கணவர் ஆதரவாகத்தான் இருக்கிறார். இவை தவிர, மனத்தில் உள்ளதைச் சொல்ல வரும் பிள்ளைகளிடம் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு செய்தி இருக்கிறது: ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்து, ‘கற்றல் குறைபாடு’ என்று பள்ளியின் லெட்டர்ஹெட்டில் ரிப்போர்ட் எழுதித் தரும்படி பிரின்சிபால் கேட்டிருக்கிறார். பரீட்சையில் சலுகை பெறுவதற்காக அவனுடைய அம்மா அந்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறாராம்.

வணக்கம் சகோதரி.

நீங்கள் கேட்டவற்றுள் ஒன்று மட்டுமே அவசரமானது. படிப்பையும் பதவியையும் அமெரிக்காவையும் பற்றி ஆறு மாதம்கூட யோசிக்கலாம். அந்த மாணவனின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதை இந்த வாரமே முடிவு செய்தாக வேண்டும். ஆகவே நீங்கள் கடைசியில் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மற்றக் கேள்விகளுக்கான விடையும் பெரும்பாலும் அதிலிருந்தே தெளிவாகிவிடும்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்

முதல் காரணம், அந்த ரிப்போர்ட்டால் அவனுக்குப் பயன் இல்லை. ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ (ஸ்பெசிஃபிக் லேர்னிங் டிஸெபிலிட்டி) என்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஒன்று. அதற்கான சான்றிதழை அரசு அறிவித்த மருத்துவ அதிகார அமைப்புதான் வழங்க முடியும். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு ஒரு வரிசையை வகுத்தது: முதலில் குழந்தைநல மருத்துவர் பார்வை, செவித்திறன் உட்பட உடலைப் பரிசோதிக்க வேண்டும்; அடுத்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ (மனநலச் சிக்கல்களைச் சோதித்தறிந்து சிகிச்சை தரும் உளவியலாளர்) மறுவாழ்வு உளவியலாளரோ நுண்ணறிவுச் சோதனை நடத்த வேண்டும்; அதன் பிறகே நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டும். எட்டு வயதுக்கு முன் சான்றிதழ் கிடையாது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு உண்டு என்றும் அந்த வழிகாட்டுதல் சொல்லியது. மூன்று மாதச் சான்றிதழ் வைத்திருக்கும் ஆசிரியையின் கையெழுத்துக்கு இந்த வரிசையில் எங்குமே இடமில்லை. பையன் பத்தாம் வகுப்புக்கு வந்து போர்டு தேர்வுக்குச் சலுகை கேட்கும்போது அந்தத் தாள் நிற்காது. பிள்ளை நான்கு ஆண்டுகளை வீணாக்கியிருப்பான். இப்போது வேண்டியது ஆறாம் வகுப்பின் உள்தேர்வில் கொஞ்சம் கூடுதல் நேரம் மட்டும் என்றால், அதை முடிவு செய்யும் அதிகாரம் பள்ளியிடமே இருக்கிறது. அதற்கு ஒரு நோயறி ரிப்போர்ட்டைத் தயாரிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைப் பிரின்சிபாலிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அவனைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதையே பாருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம், மூன்றாம் மொழியாக இந்தி. கரும்பலகையைப் பார்த்துப் பிழையின்றி எழுதுகிறான். சொல்வதைக் கேட்டு எழுதச் சொன்னால் ‘ஃப்ரம்’ என்பது ‘ஃபார்ம்’ ஆகிறது. எண்களாகக் கொடுத்த கணக்கு சரியாக வருகிறது. அதையே கதைக் கணக்காகக் கொடுத்தால் பக்கம் வெறுமையாக இருக்கிறது. இது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். ஆங்கிலம் இன்னும் அவனுக்குள் இறங்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். 2025-26 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை 2020-21-இல் ஒன்றாம் வகுப்பில் இருந்திருப்பான். கொரோனாவால் மூடிய பிறகு கர்நாடகத்தில் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 அக்டோபர் கடைசியில்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்க வேண்டிய காலத்தை அவன் ஒரு செல்போன் திரைக்கு முன் கழித்திருக்கிறான். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் இவற்றையெல்லாம் பிரித்தறிய முயல்வார்: தமிழில் கதை சொல்லச் சொல்லி, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் எப்படி என்று பார்ப்பார், கன்னட எழுத்துகளை எவ்வளவு வேகமாகப் படிக்கிறான், ஒரே தடுமாற்றம் எல்லா மொழியிலும் வருகிறதா, ஆங்கிலத்தில் மட்டுமா என்று கவனிப்பார். பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்விகளைக் கேட்காமல் எழுதப்படும் எந்த ரிப்போர்ட்டையும் நான் நம்புவதில்லை. இல்லாத குறைபாட்டை ஒரு பிள்ளையின் தலையில் கட்டிவிட்டால் அவனுக்குக் கிடைக்க வேண்டிய மொழிப் பயிற்சி நின்றுபோகும். இருக்கும் குறைபாட்டைத் தவறவிட்டால் சோம்பேறி என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது காரணம், சட்டம் உங்களை நேரடியாகத் தொடுகிறது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டத்தின்படி, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உள்ளிட்ட மறுவாழ்வுத் துறையினர் ஆர்.சி.ஐ. என்று நாம் சொல்லும் அந்தக் கழகத்தின் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் அந்தத் தொழிலைச் செய்தால் 13-ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தொகை சிறியதுதான். ஆனால், நாளை அந்த ரிப்போர்ட்டை யாராவது கேள்வி கேட்டால், அதைக் கேட்டு வாங்கிய பிரின்சிபாலின் பெயர் அதில் இருக்காது, உங்கள் பெயர் மட்டுமே இருக்கும்.

மறுத்துவிட்டு ஒதுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கற்றல் குறைபாட்டை முதற்கட்டமாக இனம் காணும் வேலையை மேற்சொன்ன வழிகாட்டுதலே ஆசிரியர்களிடம்தான் ஒப்படைத்தது. அவனுடைய நோட்டிலிருந்து மூன்று மாதத்து எழுத்து மாதிரிகளைத் தேதியுடன் நகலெடுங்கள். எந்தக் கணக்கு வருகிறது, எது வரவில்லை, எத்தனை நிமிடம் தொடர்ந்து உட்காருகிறான், வீட்டில் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். ‘குறைபாடு’ என்ற சொல்லே அதில் வேண்டாம். கண்டதை மட்டும் எழுதுங்கள். அதை அம்மாவிடம் கொடுத்து, கண், காது பரிசோதனையை முடித்துக்கொண்டு, ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸின் குழந்தை, வளரிளம் பருவப் பிரிவுக்கோ, ஆர்.சி.ஐ. பதிவுள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடமோ போகச் சொல்லுங்கள். ஆசிரியை எழுதிய அப்படிப்பட்ட இரண்டு பக்கம் மதிப்பீடு செய்பவருக்கு எவ்வளவு உதவும் என்பதை நான் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன்.

அந்த அறையில் நீங்கள் உட்காரலாமா?

உட்காரலாம். உங்கள் சக ஆசிரியை சொன்னதில் பாதிதான் சரி. சட்டம் வரையறுத்துக் காக்கும் பெயர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பது. அதற்குரிய படிப்பு எது என்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் தெளிவாகச் சொல்கிறது. ‘ஸ்கூல் சைக்காலஜிஸ்ட்’ என்ற பெயருக்கென்று அமெரிக்காவில் இருப்பதுபோன்ற தனி உரிமம் இந்தியாவில் கிடையாது. பள்ளி ஆலோசகர் பணிக்கு வேண்டிய தகுதியை வாரியங்களும் பள்ளி அமைப்புகளும் தத்தம் விதிகளில் சொல்கின்றன. சி.பி.எஸ்.இ. தன் இணைப்பு விதிகளில் ஆலோசகர், நலவாழ்வு ஆசிரியர் பணிக்குக் கேட்டு வந்தது உளவியலில் பட்டமோ முதுகலைப் பட்டமோ, அல்லது குழந்தை வளர்ச்சியில் முதுகலை, அல்லது ஏதேனும் ஒரு பட்டத்துடன் தொழில் வழிகாட்டுதல், ஆலோசனை டிப்ளமோ. கேந்திரிய வித்யாலயாக்கள் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கும் ஆலோசகர்களுக்கும் உளவியலில் இளங்கலையும் ஆலோசனைச் சான்றிதழோ டிப்ளமோவோதான் கேட்டு வந்திருக்கின்றன. ஆக, எம்.ஃபில். இல்லாதது உங்களுக்குத் தடை இல்லை. கையில் இருக்கும் மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ் அந்த இடத்தை நிரப்புமா என்றால், நிரப்பாது.

பள்ளிகள் இவ்வளவு அவசரப்படுவதற்கு ஒரு பின்னணி உண்டு. மாணவர் தற்கொலைகள் தொடர்பாக 2025 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்குமான வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 100 மாணவரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்றதை நிரூபிக்கக்கூடிய ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உங்கள் பிரின்சிபால் ஜூனுக்குள் யாராவது ஒருவரை உட்கார வைக்க நினைப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அந்த ஆணையில் பயிற்சி என்ற நிபந்தனையும் சேர்ந்தே இருக்கிறது என்பதை அவரிடம் பணிவாக நினைவூட்டுங்கள். உங்கள் பயிற்சிக்குப் பள்ளியே பணமும் விடுப்பும் தர வேண்டும் என்று கேட்க இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

பெயர்ப் பலகையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ‘மாணவர் ஆலோசகர்’ போதும். சைக்காலஜிஸ்ட் என்று பார்த்துவிட்டு வரும் பெற்றோர் டெஸ்ட், ரிப்போர்ட், சிகிச்சை எல்லாவற்றையும் எதிர்பார்ப்பார்கள். இப்போது கேட்ட ரிப்போர்ட்டும் அந்தப் பலகையிலிருந்து வந்ததுதான்.

எந்தப் படிப்பு எதற்கு?

பலரும் பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்குகிறார்கள். நான் பார்ப்பது வேறு: அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் எத்தனை மணிநேரம் குழந்தைகளுடன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஓர் உதாரணம் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பயிற்சி ஆலோசகரிடம் வந்து, “எனக்கு ஸ்கூலே பிடிக்கலை மிஸ்” என்கிறாள். அவர் அன்போடு, “அப்படிச் சொல்லலாமா, நீ நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே” என்கிறார். பெண் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறாள். அன்று மாலை இருவரும் பேசியதை அப்படியே எழுதி மேற்பார்வையாளரிடம் காட்டும்போது, அவர் அந்த ஒரு வரியில் விரலை வைத்து, “பிடிக்காதது ஸ்கூலா, ஸ்கூல் வேனா, ஒரு பீரியடா, ஓர் ஆளா? நீங்கள் கேட்கவே இல்லையே” என்கிறார். சமாதானம் சொல்லி வாயை அடைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் புரிகிறது. அடுத்த முறை வேறொரு குழந்தை அதே வார்த்தையோடு வரும்போது நாக்கு தானாக நிற்கும். வீடியோ வகுப்புகளிலோ புத்தகங்களிலோ இது வராது. உங்களைப் போல் பல ஆண்டு பாடம் நடத்தியவர்களுக்கு இது இன்னும் கடினம். பதிலைச் சொல்லியே பழகிய வாய் கேள்வியோடு நிற்கப் பழக வேண்டும்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முன் உள்ள வழிகளைப் பார்க்கலாம்.

தொலைநிலை எம்.ஏ.வை விட்டுவிடாதீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்ததைப் படித்துவிட்டு உங்கள் பட்டம் செல்லாததாகிவிடுமோ என்று அஞ்சியிருக்கிறீர்கள். அந்தத் தடை புதிய சேர்க்கைகளுக்கானது; நீங்கள் அதற்கு முன்பே சேர்ந்தவர். எனினும் தடைக்கான காரணத்தை யோசியுங்கள். 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், உளவியலாளர்களையும் சில வகை ஆலோசகர்களையும் நடத்தைநல அறிவியல் என்ற பிரிவில் சேர்த்திருக்கிறது. இந்தத் தொழிலும் இனி பதிவு, ஒழுங்கு என்று நெறிப்படப் போகிறது. நேரடிப் பயிற்சி இல்லாத பட்டத்தின் மதிப்பு அப்போது குறையும். ஆகவே எம்.ஏ.வில் உள்ள செய்முறைப் பயிற்சியையும் களப்பயிற்சியையும் கையெழுத்து வாங்கும் சடங்காக முடித்துவிடாமல், உண்மையான மேற்பார்வையாளர் உள்ள இடத்தில் செய்யுங்கள்.

அதற்கு அடுத்த படியாக உங்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டுதல், ஆலோசனை டிப்ளமோ. பணியில் இருக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்ட ஓராண்டுப் படிப்பு அது. முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தே பாடம், அடுத்த மூன்று மாதம் நேரில் தீவிரப் பயிற்சி, கடைசி மூன்று மாதம் சொந்த ஊரில் இன்டர்ன்ஷிப். அதன் மையங்களில் ஒன்று மைசூருவில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம் என்பது உங்களுக்கு வசதி. இதை முடித்தால் சி.பி.எஸ்.இ. கேட்டு வந்த தகுதி எம்.ஏ. இல்லாமலேயே உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது, எம்.ஏ.வும் சேர்ந்தால் உங்கள் நிலை உறுதியானது. குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு நிம்ஹான்ஸில் இயங்கும் ‘சம்வாத்’ என்ற தேசிய முன்முயற்சி நடத்தும் பயிற்சிகளையும் கவனித்துவாருங்கள். நம் ஊரிலேயே இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பது நியாயமில்லை.

கிளினிக்கல் சைக்காலஜி வேறு பாதை. டெஸ்ட் எடுக்க வேண்டும், நோயறிய வேண்டும், சிகிச்சை தர வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் மட்டும் அதில் இறங்குங்கள். எம்.ஃபில். என்றால் மருத்துவமனையில் இரண்டு ஆண்டு முழுநேரப் பயிற்சி. வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியாது. மேலும், எம்.ஃபில். பட்டத்தையே யு.ஜி.சி. 2022 நவம்பர் விதிகளில் நிறுத்திவிட்டு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்குக் கொடுத்தது. நீங்கள் எம்.ஏ. முடித்து வரும்போது அந்தப் பெயரில் சேர்க்கை இருக்கும் என்று நம்பித் திட்டமிட வேண்டாம். சை.டி. என்னும் முனைவர் நிலைப் படிப்பு உட்பட ஆர்.சி.ஐ. அங்கீகரித்த மற்றப் படிப்புகள் இருக்கின்றன. எந்தக் கல்லூரி விளம்பரம் என்ன சொன்னாலும், அந்தப் படிப்பும் அந்தக் கல்லூரியும் அந்த ஆண்டும் ஆர்.சி.ஐ. பட்டியலில் உள்ளனவா, தொலைநிலை முதுகலையை அந்த நிறுவனம் ஏற்கிறதா என்ற இரண்டையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கட்டணம் செலுத்துங்கள்.

85,000 ரூபாய் டிப்ளமோவைப் பொறுத்தவரை, அந்த மையத்திடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். இந்த டிப்ளமோவை ஏற்கும் இந்திய வாரியமோ சட்ட அமைப்போ எது? மேற்பார்வை செய்பவர்களின் தகுதியும் பதிவு எண்ணும் என்ன? எத்தனை மணிநேரம் எந்தப் பள்ளியில் நேரடிப் பயிற்சி? நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளில் இவற்றுள் ஒன்றுக்கும் விடை இல்லை. சான்றிதழின் படமும் முத்திரையும்தான் பெரிதாக இருக்கின்றன. என் கருத்து, அந்தப் பணம் மைசூருவில் தங்கும் செலவுக்கு உதவட்டும்.

நியூஜெர்சிக் கனவு

அக்கா ஆசையில் சொல்கிறார். நடைமுறை அப்படி இல்லை. அமெரிக்காவில் பள்ளி உளவியலாளருக்கு அந்தந்த மாநிலம் உரிமம் தருகிறது. அங்குள்ள தேசியச் சங்கம் வகுத்த அளவு, குறைந்தது 60 செமஸ்டர் மணி (அங்கே படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) கொண்ட முதுகலைக்கு மேற்பட்ட சிறப்புநிலைப் படிப்பு, அதனுள் 1,200 மணிநேர இன்டர்ன்ஷிப், அதிலும் பாதியாவது பள்ளியில். இந்திய எம்.ஏ. அந்தப் படிப்பில் சேர உதவலாம், அதற்கு ஈடாகாது. பிரிட்டனில் ‘எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட்’ என்பது சட்டம் காக்கும் பெயர், முனைவர் நிலைப் பயிற்சி வேண்டும். குடும்பத்தோடு குடியேறும் திட்டம் உண்மையிலேயே இருந்தால் அங்கே போய்ப் படிப்பதே வழி.

“யாரிடமும் சொல்லாதீங்க மிஸ்”

ரகசியம் காப்பது ஆலோசகரின் அடிப்படைக் கடமை. ஆனால் அதற்கு எல்லை உண்டு, அந்த எல்லையைக் குழந்தை பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். “நீ சொல்வதை வகுப்பில் பேச மாட்டேன். ஆனால் உனக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும், சொல்லும் முன் உன்னிடம் சொல்வேன்” என்று எளிமையாகச் சொல்லுங்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றிய தகவல் என்றால் உங்களுக்கு வேறு தெரிவே கிடையாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யார் தடுத்தாலும் இந்தக் கடமை மாறாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், தொலைபேசி மனநல உதவிக்கான டெலி மானஸின் 14416 என்ற எண்ணையும் அறைச் சுவரில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி வையுங்கள். குழந்தை தற்கொலை எண்ணத்தைச் சொன்னால் அன்றே பெற்றோரிடமும் மருத்துவரிடமும் சேர்க்க வேண்டும். தனியாகச் சமாளிக்க முயல வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒரு வழி

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நீங்கள் ஆசையோடு விவரிக்கும் பிள்ளைகள் எல்லாரும் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள். பின்னத்தைப் புரியவைக்க ரொட்டியை நான்காக வெட்டிக் காட்டியதையும், கதைக் கணக்கைப் படமாக வரையச் சொல்லிக் கொடுத்ததையும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். பயம், சண்டை, வீட்டுத் துக்கம் இவற்றோடு வரும் பிள்ளைகளைப் பற்றி இரண்டே வரிதான். உங்கள் உள்ளம் உண்மையில் நாடுவது சிறப்புக் கல்வியாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த சிறப்புக் கல்வி பி.எட். முடித்தவர்கள் அதே மத்தியப் பதிவேட்டில் இடம்பெறுகிறார்கள். அந்தப் பெயரைச் சட்டம் காக்கிறது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளில் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பு ஆசிரியர்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியிருக்கிறது. கணக்கையும் தமிழையும் கன்னடத்தையும் தெரிந்த சிறப்பு ஆசிரியர் பெங்களூருவில் எவ்வளவு தேவைப்படுகிறார் என்பதை, இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் வேறு யாரும் இல்லையா என்று கேட்கும்போதெல்லாம் உணர்கிறேன். முடிவெடுக்கும் முன் இரு துறைகளிலும் வேலை பார்ப்பவர்களோடு ஒவ்வொரு நாள் முழுக்க உடன் இருந்து பாருங்கள்.

கன்னடம் பேசுவதோடு நிற்காமல் எழுதப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு உங்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் கன்னடம் படிக்கிறார்கள். அந்த நோட்டைத் திறந்து பார்க்கத் தெரியாத ஆலோசகருக்குப் பிள்ளையின் பாதி நாள் மறைந்தே இருக்கும்.

மாமியாரின் கேள்வி நியாயமானது. அதற்குக் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். இப்போதைக்கு நீங்கள் வேலையை விடப் போவதில்லை. பிரின்சிபாலிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை: முதல் ஆண்டு கணக்குப் பாடத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்துக்கு ஆலோசகர் பொறுப்பு, உளவியல் சோதனையும் நோயறிதலும் உங்கள் வேலையில் அடங்காது என்ற ஒரு வரி, மாதம் இருமுறை வெளியிலிருந்து வரும் ஆர்.சி.ஐ. பதிவுள்ள உளவியலாளரின் மேற்பார்வைக்குப் பள்ளி செலவில் ஏற்பாடு. மைசூருப் பயிற்சிக்கு இடம் கிடைத்தால் அந்த மூன்று மாதத்துக்கு விடுப்பும், திரும்பி வந்ததும் அதே பணிமூப்பும். மைசூருவில் இருக்கும் நாள்களில் வீட்டில் யார் எதைப் பார்த்துக்கொள்வது என்பதைக் கணவரோடும் அத்தையோடும் உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். பள்ளி இவற்றை எழுதித் தர மறுத்தால், ஜூனில் அந்தப் பொறுப்பை ஏற்காமல் ஓராண்டு தள்ளிப்போடுவதே உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.